அம்மன் கிணற்றின் அளவு

ஆடியில் கொடியேறியதும் அம்மன் கிணற்றை இறைத்துவிடுவார்கள். பிறகு காப்புக் கட்டிய ஆண்கள் கிளியனூர்ப் பக்கம் போய், வயல் போர்வெல்லில் நல்ல தண்ணீர் பிடித்து வந்து அதில் ஊற்றுவார்கள். கரகத்துக்கு அந்தத் தண்ணீர். முன்பு குடத்தில் வந்தது. இப்போது டிராக்டர் டேங்கில் வருகிறது. தெரு நடுவே வரும். எல்லோரும் பார்ப்பார்கள்.

கொடி இறங்கும் வரை, வெளியிலிருந்து ஊற்றியதை வாயால் சொல்லக் கூடாது. தண்ணீர் ஊறியது என்றே சொல்ல வேண்டும். ஒருமுறை ஒருவன் சொன்னான். அவன் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் யாரும் சொல்வதில்லை.

சில நாள் அந்தத் தண்ணீர் தாங்கும். பிறகு உப்பு ஏறிவிடும்.

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய அந்தக் காலனியில் வேறு எந்தக் கிணற்றிலும் குடிக்க முடியாது. பஞ்சாயத்து லாரித் தண்ணீரைத்தான் குடித்தார்கள். உப்பங்கழியிலிருந்து கடல்நீர் உள்ளே வராமல் தடுக்க, மானிய நிதியில் ஒரு கரையும் ஷட்டரும் கட்டினார்கள். தெற்குப் பாதி முடிந்திருந்தது. பலன் தெரிந்தால்தான் வடக்குப் பாதிக்கு நிதி. பலன் என்பது கிணற்று நீரில் உப்பு குறைவது. தொடக்கத்தில் ஒரு அளவு, முடிவில் ஒரு அளவு. நடுவில் யாரும் கேட்கவில்லை.

எந்தக் கிணற்றில் அளப்பது என்று திட்டக்காரர்கள் முதலில் கேட்டபோது, ஊர்த் தலைவர் சிங்காரம் அம்மன் கிணற்றைக் காட்டினார். அதற்குத்தான் சுற்றுச்சுவரும் கம்பி மூடியும் இருந்தன. போட்டோவில் நன்றாக இருந்தது.

அளப்பதற்குப் பயிற்சி பெற்றவள் சத்யப்ரியா. மகளிர் குழுவில் அவளைத் தேர்ந்தெடுத்து மீட்டரைக் கொடுத்திருந்தார்கள். பேனா போல இருக்கும். தண்ணீரில் முக்கினால் உப்பின் அளவு எண்ணாக வரும். முதல் அளவு எடுத்தது சித்திரையில். அப்போது எண் இரண்டாயிரத்தைத் தாண்டியது.

அடுத்த ஆண்டு ஆடியில் அவளுக்கு ஐந்தாம் மாதம். கால் வீங்கியிருந்தது. ரத்த அழுத்தம் இருப்பதாக நர்ஸ் சொன்னாள். குழம்பில் உப்பைக் குறைக்கச் சொன்னாள். பிறகு என்ன தண்ணீர் குடிக்கிறாய் என்று கேட்டாள். லாரித் தண்ணீர் என்றதும், அதை மட்டும் குடி, இங்கே பம்பில் அடிக்கிற தண்ணீர் வாயில் படக் கூடாது என்றாள்.

நிதி கொடுத்தவர்களின் மதிப்பீட்டுக்காகச் சென்னையிலிருந்து சரவணகுமார் வந்தான். கொடியேறிய வாரம். தேதியை அவன் அலுவலகம் முடிவு செய்திருந்தது. தள்ளிப்போட முடியுமா என்று சிங்காரம் கேட்டுப் பார்த்தார். காரணம் கேட்டான். அவர் சொல்லவில்லை.

"சார், ஷூவைக் கழட்டிட்டு வாங்க. அம்மன் கெணறு" என்றார் சிங்காரம்.

"கெணத்துக்குமா சாமி?"

"எங்க ஊர்ல குடிக்கத்தான் தண்ணி இல்ல சார். கும்பிட நிறைய இருக்குது."

கூட்டம் சிரித்தது. சரவணகுமாரும் சிரித்தான். சத்யப்ரியா வாளியை இறக்கி, மீட்டரை முக்கினாள். எண் மேலே ஏறாமல் நின்றது. முந்நூறுக்கும் கீழே. அவள் அதை உரக்கப் படித்தாள். அவன் வாங்கித் தானே ஒருமுறை முக்கிப் பார்த்தான். போட்டோ எடுத்தான்.

இந்த அளவு வேறெங்கும் பார்த்ததில்லை என்றான். லாரியை இனி நிறுத்திவிடலாம், அதுவே திட்டத்தின் வெற்றிதான் என்றான். சிங்காரம் தரையைப் பார்த்தார்.

"எப்படிங்க இவ்ளோ குறைஞ்சுது?"

"ஊறியிருக்குதுங்க" என்றார் சிங்காரம்.

அவன் சத்யப்ரியாவிடம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க மேடம். அளக்கறது நீங்கதானே?"

எதிரே ராஜ்கமல் நின்றான், அவள் கணவன். உப்பு வாரித் தோல் உரிந்த கை. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. டிராக்டரில் போனவர்களில் அவனும் ஒருவன். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் வயிற்றைப் பார்த்தான்.

லாரி நிற்கப்போகிறது என்பது அவளுக்குப் புரிந்தது. கொடி இறங்கியதும் சொல்லிவிடலாம். சில நாள்தான்.

"ஊறியிருக்குது சார்" என்றாள்.

அவன் அதை மொபைலில் தட்டிக்கொண்டான்.

கொடி இறங்கிய மறுநாள் காலை அவள் மீட்டரோடு கிணற்றுக்குப் போனாள். எண் ஏறியது. நிற்கவில்லை. சித்திரையில் பார்த்த எண்ணையும் தாண்டியது. அதைப் போட்டோ எடுத்துச் சரவணகுமாருக்கு அனுப்பினாள். போனில் எல்லாவற்றையும் சொன்னாள்.

அறிக்கை போய்விட்டது என்றான் அவன். அடுத்த அளவு அடுத்த வருடம், அதுவரை அறிக்கையில் எதையும் திருத்த முடியாது என்றான். பிறகு கேட்டான்.

"நான் கேட்டப்ப நீங்கதானே சொன்னீங்க?"

சிங்காரத்திடம் போனாள். வடக்குக் கரைக்கு நிதி வந்துவிடும், அது முடிந்தால் உண்மையாகவே உப்பு குறையும் என்றார். லாரி நிற்காமலிருக்க மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றார். அவள் நகராமல் நின்றாள்.

"நான் மட்டுமாம்மா சொன்னேன்? ஊரே சொல்லுச்சு. உடு" என்றார்.

ஆவணியில் லாரி நின்றது. டிரைவர் போன் செய்து சொன்னான். உங்கள் ஊரில்தான் தண்ணீர் ஊறுகிறதாமே என்று கேலி செய்தான். அவனுக்கும் விஷயம் தெரியும். அவனும் பக்கத்து ஊர்க்காரன்.

ராஜ்கமல் அவளுக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கினான். ஐப்பசியில் மழை இறங்கி உப்புப் பாத்திகள் கரைந்தன. வேலை நின்றது. கொஞ்ச நாளில் கேனும் நின்றது. மழைநீரை அண்டாவில் பிடித்தார்கள். மழை ஒரு வாரம் பெய்தது, பிறகு விட்டுவிட்டது. வெயில் அடித்தது. அண்டா காலியானது. அவள் அடிபம்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாள். காய்ச்சினால் உப்புப் போகாது என்று அவளுக்குத் தெரியும். ராஜ்கமலுக்கும் தெரியும். அடுப்பை அவன்தான் பற்ற வைப்பான்.

வளையல்கள் கையில் இறுகின. மெட்டி கழலவில்லை. காலையில் கண்முன் பூச்சி பறந்தது.

கரைமேல் வடக்குப் பாதிக்கு மண் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். அம்மன் கிணற்றருகே பலகை ஒன்று வைத்தார்கள். அதில் இரண்டு எண்கள் இருந்தன, பழையதும் புதியதும். கீழே அவள் வாளியோடு நிற்கும் படம்.

அந்தப் பலகையைத் தாண்டித்தான் நர்ஸ் வந்தாள். சத்யப்ரியாவின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி அழுத்தினாள். பார்த்தாள். காற்றை விட்டு, மறு கையில் சுற்றினாள்.

"என்ன தண்ணி குடிக்கிற?"

சத்யப்ரியா வாசலைப் பார்த்தாள். ராஜ்கமல் அங்கே நின்றிருந்தான். காப்பை அவிழ்த்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"இங்க ஊறுறதுதான்க்கா" என்றாள்.

நர்ஸ் எழுந்து வெளியே போனாள். போனை எடுத்து, வண்டி வேண்டும், சீக்கிரம் என்றாள். ரத்த அழுத்த எண்ணைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். உள்ளே இருந்தவளுக்கு அது கேட்கவில்லை.