நெடுநாள் நோயைப் பொறுமையுடன் தாங்கி

விதின் நகரத்துச் சந்தை வாசலில் ஒரு தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து வண்டிக் காப்பீடு விற்றுத்தான் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். குனிந்து எட்டிப் பார்க்கும் டிரைவர்கள், "ஆம்பளை யாரும் இல்லியா?" என்பார்கள். பதினேழு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, இழப்பீட்டுப் பிரிவில் விசாரணை அதிகாரியானேன். அதற்கு மேலே இருந்த பிரிவுத் தலைவர் பதவி அந்த வசந்தத்தில் காலியானது. போட்டியில் நானும் பிளாமெனும். அவன் என்னைவிட ஒன்பது வயது இளையவன். மேலாளர் ஸ்தோயிலோவோடு மீன் பிடிக்கப் போகிறவன். அவனுடைய தகுதி அவ்வளவுதான்.

ஸ்தோயிலோவ் என்னிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

"வேலையில உன்னைக் குறை சொல்ல முடியாது, பிலியானா. ஆனா உனக்கு மனசு இளகிடும். எவளாவது அழுதா கொடுத்துடலாம்னு எழுதிடுவே."

"எப்ப எழுதினேன்? ஒரு ஃபைலைக் காட்டுங்க."

"காட்டித்தான் தெரியணுமா? இந்தா, இதை விசாரிச்சுட்டு வா. எப்படி எழுதறேன்னு பார்ப்போம்."

ஃபைலில் இருந்தவர் பெயர் க்ரூம். ஆற்றுத் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். வயது நாற்பத்தெட்டு. வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆயுள் காப்பீடு எடுத்துப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. முன்பே நோய் இருந்து அதை மறைத்திருந்தால் நாங்கள் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. இருந்ததா இல்லையா என்று சொல்லத்தான் ஆளில்லை. ஊர் டாக்டர் ஓய்வு பெற்றுப் போனபோது அவருடைய பழைய பதிவேடுகளும் எங்கோ தொலைந்துவிட்டன.

அந்த வீட்டு வாசல் கதவில், எங்கள் ஊர்களில் எல்லா இழவு வீட்டிலும் ஒட்டுவதுபோல, கறுப்பு ரிப்பனுக்குக் கீழே அஞ்சலித் தாள் ஒட்டியிருந்தது. க்ரூமின் படம். அதன் அடியில், 'நெடுநாள் நோயைப் பொறுமையுடன் தாங்கி மறைந்தார்.'

மணியடிப்பதற்கு முன்பே அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

க்ரூமின் மனைவி தோன்கா, இறந்தவருக்காக அவித்த கோதுமையில் சர்க்கரை தூவி என் முன்னால் வைத்தாள். அவர் ஆத்மாவுக்கென்று ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டேன்.

"அவருக்குப் பழைய சீக்கு ஏதாவது உண்டா?"

"அவருக்கா? பல்லு வலிக்குக்கூட டாக்டர்கிட்ட போகாத மனுஷன், மேடம்."

"வாசல்ல வேற மாதிரி ஒட்டியிருக்கே."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"அதுவா? அச்சுக்கடையில நாலு மாதிரி வச்சிருந்தாங்க. 'திடீரென்று'ன்னு போட்டா, குடிச்சுட்டு விழுந்து செத்தான்னு ஊர் பேசும். இதுதான் கௌரவமா இருந்துச்சு. விரலை வச்சுக் காட்டிட்டு வந்துட்டேன்."

அவள் சொன்னது சத்தியம் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். எல்லா அச்சுக்கடையிலும் அதே நாலு வரிதான். என் அப்பா டிராக்டர் கவிழ்ந்து நொடியில் போனவர். என் அம்மாவும் இதே வரியைத்தான் போட்டாள்.

"பணம் வந்தா இங்கயே இருந்துக்குவேன்," என்றாள் தோன்கா. "வரலேன்னா இத்தாலிக்குப் போய்க் கிழடுகளுக்குத் துணி மாத்தணும். பொண்ணுக்குப் பதினோரு வயசு. யார்கிட்ட விட்டுட்டுப் போவேன்? நான் சொன்னதை எழுதிக்கிட்டீங்கதானே, மேடம்?"

"எழுதிக்கிட்டேன்," என்றேன். எழுதத்தான் செய்திருந்தேன்.

அறிக்கையில் அது ஏறவில்லை. படத்தை இணைத்து ஒரே வரி எழுதினேன்: குடும்பத்தாரே வெளியிட்ட அறிவிப்பின்படி இறந்தவர் நெடுநாள் நோயுற்றிருந்தவர். பொய் ஒன்றும் எழுதவில்லையே, கதவில் இருந்ததைத்தானே எழுதினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் சொன்னதை எழுதியிருந்த குறிப்பேட்டுத் தாளைக் கிழித்து, அலுவலகத்தில் காகிதம் துண்டாக்கும் இயந்திரத்தில் போட்டேன்.

ஸ்தோயிலோவ் படித்துவிட்டு மேஜையைத் தட்டினார்.

"வாசக்கதவுலயே ஆதாரம். பிளாமெனா இருந்தா காபி குடிச்சுட்டு வந்திருப்பான்."

மே மாதம் நாற்காலி எனக்குக் கிடைத்தது. இந்தக் கிளையில் பிரிவுத் தலைவரான முதல் பெண் என்று சக ஊழியப் பெண்கள் கேக் வாங்கி வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன். சந்தோஷத்தில்தான், அதை மறைக்க மாட்டேன்.

ஜூனில் தோன்கா மறுப்புக் கடிதத்தோடு வந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"நீங்களா, மேடம்? நல்லவேளை. தலைவரைப் பாருன்னாங்க, பயந்துக்கிட்டே வந்தேன். அச்சுக்கடை விஷயத்தை அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனே. அதை மட்டும் ஆபீஸ்காரங்ககிட்ட எடுத்துச் சொல்லிடுங்க."

அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே பிளாமென் டைப் அடிப்பதை நிறுத்தியிருந்தான். ஆமாம் என்று சொன்னால், தெரிந்தே மறைத்தவள் நான். நாற்காலி போகும், அதோடு வேலையும் போகும்.

"நீங்க அப்படி எதுவும் என்கிட்ட சொல்லலையே," என்றேன்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் தேவலை என்றிருந்தது. அவளோ நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"சொல்லலையா? சொன்ன மாதிரித்தான் இருந்துச்சு. அப்ப அவர் போய் நாப்பது நாள்கூட ஆகலை, எனக்கு எதுவும் சரியா நினைப்பில்ல. வாயைத் திறந்து சொல்லாம விட்டுட்டு, இப்ப உங்களை வந்து தொந்தரவு பண்றேன் பாருங்க. மன்னிச்சுக்கங்க, மேடம்."

மேஜைமேல் இருந்த மறுப்புக் கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வெள்ளிக்கிழமை இத்தாலிக்கு பஸ்," என்றாள். "என் தப்புலதான் இப்படி ஆச்சுன்னு பொண்ணுகிட்ட சொல்லிடறேன்."