ஏழாம் காம்பிராவின் நேரம்

பூண்டுலோயாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான மேற்கணக்கு லயத்தின் ஏழாம் காம்பிராவில், முன்னறைக்குள் மட்டும் காலை பத்து மணிக்கு மேல்தான் விடிகிறது. ஆறாம் காம்பிராவிலும் எட்டாம் காம்பிராவிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், பெண்கள் மலையில் பாதிக் கூடை கொழுந்து எடுத்த பிறகு, அங்கே மெல்ல வெளுக்கும். சேவல்கூட முதலில் குழம்பியது, பிறகு பழகிக்கொண்டது.

இது தொடங்கியது 2023 சித்திரையில். கிளாஸ்கோவில் வெந்நீர்க் கொதிகலன் விற்கும் ஒரு கம்பெனி, வாங்கியவர்களின் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுத இலங்கையில் ஒரு கிளை போட நினைத்தது. கையெழுத்துப் போட இங்கே ஓர் ஆள் வேண்டும், கடிதம் வந்து சேர ஒரு விலாசம் வேண்டும். ஆளாக விஜிதரன் அகப்பட்டான். இங்கிலீசு தெரிந்தவன், கல்யாணமாகி ஒரு வருசம். விலாசத்துக்கு, டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் மஃறூப் நானா தன் மாடியறையைத் தருவதாகச் சொன்னார். "சும்மாதானே கெடக்குது தம்பி. லயத்துக்குள்ள கந்தோரு, ஆபீசுன்னு போட்டா பொஞ்சாதி எங்க இருக்கிறது?" என்றும் கேட்டார். பெரிய மனுசன் சொன்னது இவன் காதில் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் உண்டு. லயத்துக் காம்பிராக்களுக்குத் தனி விலாசம் கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்துப் பெயருக்கு வந்து, ஆபீசில் கிடந்து, யாருக்காவது ஞாபகம் வருகிற அன்றைக்குப் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது கைக்கு வரும். விஜிதரனுடைய ஆசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து பன்னிரண்டாம் நாள் அப்படித்தான் வந்தது. அந்த வயிற்றெரிச்சலில் படிவத்தில் "இல. 7, மேற்கணக்கு லயம்" என்று எழுதினான். கிராம சேவகரும் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். பதிவுச் சான்றிதழ் அந்த விலாசத்துக்கே தபாலில் வந்தபோது லயமே கூடி உறையைத் தொட்டுப் பார்த்தது. இலக்கம் போட்டு அங்கே வந்த முதல் கடிதம் அது. கம்பெனிக்கு வந்த கடிதம் என்பதை அன்றைக்கு யாரும் பெரிதுபடுத்தவில்லை.

சான்றிதழை முன்னறைச் சுவரில் மாட்டிய காலை ஒன்பது மணிக்கே அந்த அறை இருட்டிவிட்டது. பின்னாலிருந்த சமையலறையைப் படிவத்தில் கிளையாகக் காட்டவில்லை. அங்கே வழக்கமான வெளிச்சம். போகப் போகத் தெரிந்தது, வெளியே பேசுவதும் தட்டுவதும் முன்னறைக்குள், கிளாஸ்கோ நேரம் பின்தங்கியிருக்கிற அதே நாலரை மணி நேரம் கழித்துத்தான் கேட்கின்றன. விஜிதரன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டான். வேலைக்கு இடைஞ்சலாகச் சத்தம் இல்லாதது நல்லதே என்று பதில் வந்தது.

வாடிக்கையாளர் விவரம் திறந்திருக்கும் அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது, கைபேசியும் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். ஒருநாள் தேத்தண்ணியோடு உள்ளே வந்த மனைவி சுலக்ஷனாவை, திரையில் மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, "வெளிய போ!" என்று அதட்டிவிட்டான். கட்டின பெண்சாதியை, அதுவும் அவள் வீட்டிலேயே! அன்றிலிருந்து கைபேசி சமையலறைத் தட்டில், கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள். காலை பத்துக்குப் போனால், இடையில் சாப்பிட வருவதைத் தவிர, இரவு படுக்கும் நேரத்துக்குத்தான் வருவான். சுலக்ஷனா சாப்பாட்டுக்கு ஏழரை மணிக்கே கூப்பிடப் பழகினாள். அப்போதுதான் பன்னிரண்டுக்கு அவனுக்குக் கேட்கும்.

ஆடி மழையில் ஒருநாள் மத்தியானம் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வழுக்கி விழுந்து அவள் கை முறிந்தது. அவள் போட்ட சத்தத்துக்கு எல்லாக் காம்பிராவும் ஓடிவந்தது, ஏழாவதைத் தவிர. அடுத்த வீட்டு வேலாயிதான் லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நாலரைக்கு "என்னங்க!" என்ற அலறல் கேட்டு விஜிதரன் அடித்துப் பிடித்து ஓடினான். பீலியடியில் குடம் மட்டும் கிடந்தது. "இப்ப வந்து நிக்கிறியே தம்பி, கண்ணு கெட்ட பொறகு சூரிய நமஸ்காரமா?" என்றாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வேலாயி. அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். மறுநாள் பத்து மணிக்கு வேலைக்குப் போனான்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு சுலக்ஷனா பேச வந்தாள். "நாளைக்குப் பேசுவோம்" என்றான். நாளைக்கு அவன் உள்ளே இருந்தான். அன்றைக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிடாமல், மத்தியானம் பன்னிரண்டுக்கு அவள் பையோடு கதவருகே வந்து நின்றாள். "என்னங்க, நான் உடப்புசல்லாவைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். கோவம் இல்லீங்க. எனக்குப் பேச ஆளில்ல, அதான். இருன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா இருந்துருவேன். கடைசி பஸ் அஞ்சு மணிக்கு. அதுவரைக்கும் இங்கதான் நிக்கிறேன்" என்றாள். நாலரைக்கு அவனுக்குக் கேட்கும் என்பது அவள் கணக்கு. நாலரை ஆனது. நாலே முக்கால் ஆனது. கதவு திறக்கவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

முந்தின நாள்தான் கிளாஸ்கோவில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்திருந்தார்கள். கம்பெனி அதை ஒரு வாரம் முன்பே அவனுக்கு எழுதியிருந்தது, அவனும் நன்றி சொல்லிப் பதில் போட்டிருந்தான். வீட்டில் சொல்லவில்லை. அதனால் நாலரைக்குப் பதில் ஐந்தரைக்குத்தான் அவள் குரல் அவனுக்குக் கேட்டது. "இரு! இரு சுலக்ஷனா!" என்று கத்திக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தவன், வேலாயியின் முகத்தைப் பார்த்ததும் சமையலறைக்கு ஓடிக் கைபேசியை எடுத்தான். பஸ்ஸுக்குள்ளிருந்து அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"கேட்டும் பேசாம இருக்கீங்கன்னு நெனச்சேங்க" என்றாள். "இப்ப வெவரம் புரியுது. ஆனா அந்தக் கால் மணி நேரத்துல எனக்கு மனசு விட்டுப்போச்சுங்க."

அவள் திரும்பி வரவில்லை. இரண்டு தடவை உடப்புசல்லாவைக்குப் போனான். தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தாள். 2025இல் கம்பெனி கிளையை மூடியது. சான்றிதழைக் கழற்றினான். அறை மாறவில்லை. இப்போது மஃறூப் நானாவின் கடையில் வேலை செய்கிறான். மார்ச்சிலும் ஒக்டோபரிலும் கடைசி ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை வந்தால் காம்பிரா காம்பிராவாகப் போய், நாளையிலிருந்து முன்னறை நேரம் மாறுகிறது, ஒரு மணி நேரம் கூடுகிறது, அல்லது குறைகிறது என்று சொல்லிவிட்டு வருகிறான். "சரி தம்பி" என்கிறார்கள்.