ஆறும் ஏழும்

கடைக்காரப் பெண் எண்ணைக் கேட்டதும் டிரைவர் யோசிக்கவே இல்லை. பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். மகள் அதை அந்த நாட்டு மொழியில் திருப்பிச் சொன்னாள். அந்தப் பெண் தட்ட, இயந்திரம் சீட்டைத் துப்பியது. அவர் வெளிநாட்டிலுள்ள மகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. இன்றைக்குள் ரீசார்ஜ் செய்யாவிட்டால் ஊர் எண் போய்விடும் என்று காலையில் செய்தி வந்திருந்தது. பென்ஷன், வங்கி எல்லாம் அந்த எண்ணில்தான்.

மகள் சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, இது உங்க நம்பர் இல்ல. உங்களுது கடைசியில ஏழு. இது ஆறு."

"ஆறா சொன்னேன்?"

"கண்டக்டர் மாமா நம்பர்ப்பா."

பத்தொன்பது வருடம் ஒரே பஸ்ஸில் ஓடியவர்கள். டிப்போவுக்கு எதிர்க் கடையில் ஒரே நாளில் போன் வாங்கினார்கள், அடுத்தடுத்த எண்கள். "விசில் குடுத்தப்புறம்தானே நீங்க வண்டிய எடுப்பீங்க, முன்னாடி நம்பர் எனக்கு" என்று கண்டக்டர் ஆறைப் பிடுங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் வண்டி புறப்படுமுன், பின்படியில் நின்றபடி முன்சீட்டுக்குப் போன் போட்டு, "அண்ணே, போலாமா" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. தன் எண்ணை யார் கூப்பிடுகிறார்கள்? நாக்குக்குப் பழகியது ஆறுதான்.

இந்த மகளின் கல்யாணத்தில்தான் எல்லாம் கெட்டது. அலைச்சலில் டிரைவர் கண்டக்டருக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார். அவர் வரவில்லை. வராதவனிடம் நான் ஏன் பேச வேண்டும் என்று இவரும் இருந்துவிட்டார். எட்டு வருடம்.

போட்டதைத் திருப்ப முடியாது என்று கடைக்காரப் பெண் கையை விரித்தாள். மகள் சரியான எண்ணைச் சொல்லி மறுபடி போட்டாள்.

"மாமாகிட்ட சொல்லிடுங்கப்பா. என் போன்ல பேசுங்க, உங்களுதுல காசு கண்டபடி ஓடும்."

"வேணாம். என் நம்பரப் பாத்துட்டு எடுக்கறானான்னு தெரியணும்."

வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்து கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாயிற்று.

"போன்ல காசு ஏறியிருக்குன்னு மெசேஜ் வந்துச்சு," என்றார் கண்டக்டர், நேற்று விட்ட பேச்சைத் தொடர்வதுபோல. "யாருடா போட்டதுன்னு பாத்துட்டே இருக்கேன், நீங்க கூப்பிடறீங்க."

"வாய் தவறி உன் நம்பரச் சொல்லிட்டேன்."

"இன்னும் ஞாபகம் இருக்கா?"

"மறந்தாத்தானே."

"எங்க இருக்கீங்க?"

"பாப்பா வீட்ல. வெளிநாட்ல."

"அப்ப காசு எகிறுமே. வைங்கண்ணே, நான் கூப்பிடறேன்."

"நீ கூப்பிட்டு நான் எடுத்தாலும் எனக்கு ஓடுமாம்."

அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. இவர் தொண்டையைச் செருமினார்.

"பத்திரிகைய நான் நேர்ல கொண்டு வந்திருக்கணும்."

லைன் அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தார். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மறுபடி காதில் வைத்தபோது, அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. பிறகு, நாற்காலி ஒன்றைத் தரையில் இழுத்துப் போட்டு உட்காரும் ஓசை கேட்டது.