மாற்றிப் பூட்டிய குழாய்கள்

ஜூன் பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை பகல், மெக்கானிக் தன் வீட்டு நாற்காலியில் சாப்பிட்டு முடித்த கையோடு இறந்தார். மறுநாள் காலை அவருடைய தம்பி பட்டறையின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

உள்ளே அண்ணனின் வேன் நின்றது. "அவர் ஓட்டுன வண்டியிலதான் தம்பி அவர் போகணும்" என்று வீட்டில் அண்ணி ஒற்றைக்காலில் நின்றிருந்தாள்.

அந்த வேனில் ஆயில் பில்டர் என்ஜினுக்கு அடியில், கை நுழையாத இடத்தில் இருந்தது. குழாய் போட்டு அதை மேலே கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து, முகப்பில் எண்ணெயை ஆற்றும் கூலர் ஒன்றும் சேர்க்க வேண்டும் என்பது அண்ணனின் வெகுநாள் ஆசை. நேற்று அவர் மார்வலி என்று வரவில்லை, தம்பிதான் பூட்டினான். இரவு உடலருகே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது: இரண்டு குழாய்களையும் மாற்றிப் பூட்டியிருந்தான். ஒரு பக்கமாக மட்டுமே விடும் பில்டர், எதிர்ப்பக்கம் வரும் எண்ணெயைத் தடுத்துவிடும். அண்ணனைக் கிடத்திய வண்டி நடுவழியில் என்ஜின் ஜாம் ஆகி நிற்கும்.

"சட்டுனு மாத்து. சனமெல்லாம் காத்துக்கிட்டு இருக்கு" என்றார் கூடவந்த டிங்கர். "அண்ணன் பாத்திருந்தா உன் தோலை உரிச்சிருப்பாரு."

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றான் தம்பி, தன்னையறியாமல்.

பானெட்டைத் தூக்கினான். குழாய்கள் சரியாக இருந்தன. கிளாம்புகளின் திருகுத் தலைகள் இடப்பக்கம் பார்த்திருந்தன. இடதுகைக்காரரான அண்ணன் மட்டுமே அப்படி வைப்பார்.

எண்ணெய் ஊற்றாத வண்டியின் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டுவார்கள். அண்ணன் பார்த்துச் சரி என்ற பிறகு அவர்தான் அவிழ்ப்பார். நேற்றுக் கட்டிய துணி இப்போது நாலாக மடித்து இருக்கையில் கிடந்தது.

"நீங்க ராத்திரி இங்க வந்தீங்களாண்ணே?" என்று டிங்கரைக் கேட்டான்.

"சாவி உன் இடுப்புலல்ல கெடக்கு?"

தம்பி கூலரைத் தொட்டான். இன்னும் யாரும் ஸ்டார்ட் செய்யாத வண்டியில் அது சூடாக இருந்தது.

வீட்டில் அண்ணி கணவரின் இடது கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தடவை துடைச்சாலும் நகத்துல எண்ணெய் ஊறுது தம்பி. நேத்து இவர் பட்டறைப் பக்கம் வந்தாரா?"

"வரல அண்ணி."

அவள் துணி கறுத்துவிட்டிருந்தது. தம்பி சட்டைப்பையிலிருந்த சிவப்புத் துணியை எடுத்து நீட்டினான். அவள் அதை வாங்கி நகங்களைத் துடைத்தாள்.

வெயில் ஏறுவதற்குள் உடலை ஏற்றினார்கள். தம்பி ஓட்டினான். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் ஏறிய இடத்திலேயே நின்றது. வேன் வழியில் எங்கும் நிற்கவில்லை.