பின்னால் அடித்த மணி

அந்த வீட்டில் எல்லாமே சரியாக இருந்ததுதான் மணியக்காவுக்குப் பிடிக்கவில்லை.

வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாள் நாய் வளர்த்து விற்கிறவள். சரி. தாய் நாயைப் பார்க்கணும் என்றதும் முகம் சுளிக்காமல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பளபளப்பான முடியும் தொங்கிய மடியுமாக அது வந்து, மணியக்காவின் முழங்காலை மோந்து பார்த்துவிட்டு, இவள் லாயக்கில்லை என்பதுபோலத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. அதுவும் சரி. ஊசி போட்ட டாக்டரின் போன் நம்பரைக் கேட்பதற்கு முன்பே கொடுத்தாள். இதற்கு முன்னால் பார்த்த இடங்களில் ஒருவன் தாய் நாய் வெளியூர் போயிருக்கிறது என்றான், ஏதோ மச்சினி கல்யாணத்துக்குப் போன மாதிரி. இன்னொருவன் வண்டியின் பின்பக்கத்திலிருந்தே குட்டியை எடுத்து நீட்டினான். அங்கேயெல்லாம் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது.

மணியக்கா என்பது அவள் பெயரல்ல. காது பரிசோதிக்கும் ஒரு கிளினிக்கில் சின்னப் பிள்ளைகளுக்குச் சோதனை செய்வது அவள் வேலை. பிள்ளையை ஒரு பொம்மையைப் பார்க்க வைத்துவிட்டு, பின்னால் ஓசைப்படாமல் போய் நின்று, ஒரு குட்டி மணியை அடிப்பாள். திரும்பினால் கேட்கிறது. திரும்பாவிட்டால் அவள் போய் அந்தத் தாயிடம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வைத்த பெயர் அவளுக்கே பிடித்துப்போய் ஒட்டிக்கொண்டது.

நாய் வேண்டியிருந்தது அவள் கணவருக்காக. அச்சகத்தில் மெஷின்களுக்கு நடுவிலேயே காலத்தை ஓட்டியவர் அவர். மெஷின் அவருக்குச் சோறு போட்டது, காதைத் தின்றது. காது மெஷின் மாட்டிவிட்டால் இரைச்சல் கூடுகிறதே தவிரப் பேச்சு கூடவில்லை என்று அதைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். வெளி ஆட்களிடம் மட்டும் காது கேட்காது என்று சொல்லவே விடமாட்டார். அப்படி ஒரு வீம்பு.

போன மாதம் ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது மாடிப்படியிலேயே புகை நெடி. உள்ளே அடுப்பில் பாத்திரம் கருகி, சமையலறை முழுக்கப் புகை. புகை அலாரம் தெருவுக்கே கேட்கும்படி அலறிக்கொண்டிருக்கிறது. முன்னறையில், திறந்த ஜன்னலைப் பார்த்தபடி, உடைந்த கடிகாரம் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார் மனிதர். அவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அலாரம் அடித்தால் ஓடி வந்து அவர் காலைச் சுரண்ட ஒரு நாய் வேண்டும். பகலெல்லாம் அவரைத் தனியாக விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போக வேண்டுமே.

இன்னொன்றும் இருந்தது, அவள் யாரிடமும் சொல்லாதது. புகைக்குப் பிறகு அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து அவளே சோதனை எடுத்தாள். கேட்கும் அளவைக் காட்டும் கோடு மளமளவென்று கீழே இறங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கதவைத் திறந்துகொண்டு போய், "போன தடவை மாதிரியேதான் இருக்கு" என்றாள். ஊரில் உள்ள தாய்மாருக்கெல்லாம் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்கிறவள், சொந்தக் கணவரிடம் அழகாகப் பூசி மெழுகிவிட்டாள்.

இப்போது அவர் அந்த வீட்டின் நடு அறையில் பலகைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மிச்சம் இருந்தவை இரண்டு குட்டிகள். ஒன்று ஒற்றைக் கண்ணைச் சுற்றிப் பழுப்புத் திட்டோடு முழு வெள்ளை. மற்றதற்கு இரண்டு காதும் கறுப்பு. அவர் உள்ளங்கையால் தரையைத் தட்டினார். வெள்ளை துள்ளி ஓடி வந்து அவர் மடியில் ஏறி, சட்டைப் பொத்தானைக் கடித்தது. கறுப்புக் காது அலட்சியமாகக் கால் விரலை மோந்துகொண்டு நின்றது.

"இதுதான்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"சாரை அதுக்குப் பிடிச்சுப் போச்சு" என்றாள் நாய் வளர்க்கிறவள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட, கனத்த உடம்புக்காரி. "இன்னைக்கே கொண்டு போயிடுங்களேன்."

இன்னைக்கேயா? மணியக்காவின் மனசில் எங்கோ ஒரு முள் குத்தியது.

"அந்த வெள்ளையை மட்டும் கொஞ்சம் தனியா பார்க்கலாமா?"

"தனியா விட்டா அழும்மா. பச்சப் பிள்ளை."

"ஒரு நிமிஷம்தான்."

"ரெண்டும் ஒண்ணாவே வளர்ந்துதுங்க. ஏங்கிப் போயிடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது குட்டியைப் பார்த்தாளே தவிர இவளைப் பார்க்கவில்லை. மணியக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். வாய் ஒன்று சொல்லி முகம் ஒன்று சொன்னால் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். குரலின் தேன் அவரிடம் எடுபடாது. இன்றைக்கு அவருக்கு எவர் முகத்தையும் பார்க்க நேரமில்லை, மடியில் குட்டி.

"இதுங்க சாப்பிடுறதையும் காட்டிடுறேன்" என்று பூட்ஸ்காரி சமையலறைக்குப் போனாள்.

மணியக்கா கைப்பையிலிருந்து மணியை எடுத்தாள். இரண்டு குட்டிகளும் அவர் பக்கம் பார்த்திருந்த நேரமாகப் பார்த்து, நிழல் விழாமல், மூச்சுக்காற்று படாமல் பின்னால் நின்று அடித்தாள்.

கறுப்புக் காது திரும்பியது. வெள்ளையும் திரும்பியது.

அப்பாடா என்று இருந்தது. மணியைப் பைக்குள் போடப் போனவளுக்குச் சட்டென்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. இந்தத் தப்பைச் செய்கிற எத்தனை தாய்மாரை அவள் கடிந்துகொண்டிருக்கிறாள்! 'கூப்பிட்டா திரும்புறானே' என்பார்கள். அண்ணன்காரன் திரும்புகிறான், அதைப் பார்த்துத் தம்பியும் திரும்புகிறான். சோதனை என்றால் பிள்ளை தனியாக இருக்க வேண்டும். நாய்க்குட்டி என்றதும் படித்ததெல்லாம் பறந்துபோய்விட்டதா?

மடியிலிருந்த வெள்ளையைத் தூக்கினாள். அவர் புருவத்தை உயர்த்தினார். "ஒண்ணுமில்லைங்க" என்று உதட்டை அசைத்துவிட்டு, பக்கத்து நடைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தாமல் கீழே விட்டாள். அது மிதியடியின் நூலை இழுத்து விளையாடத் தொடங்கியது. பின்னால் நின்று அடித்தாள். நூலை இழுத்தது. இன்னும் பலமாக அடித்தாள். காதின் நுனிகூட அசையவில்லை. நிமிர்ந்தபோது, திறந்த கதவு வழியாகக் கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குட்டியை அல்ல, அவளை.

"தனியா தூக்காதீங்கன்னு சொன்னேனேம்மா!" சாப்பாட்டுத் தட்டும் கரண்டியுமாக வந்து நின்றாள் பூட்ஸ்காரி. சிரிப்பைக் காணோம்.

"இதுக்குக் காது கேக்கலை."

"யார் சொன்னா? இங்க பாருங்க." குனிந்து தட்டைத் தரையில் டக்டக்கென்று தட்டினாள். வெள்ளை நூலை விட்டுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. "பார்த்தீங்கல்ல? தினமும் இப்படித்தான் ஓடி வருது. வீடு தேடி வந்து நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசுறீங்க நீங்க?"

மணியக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அப்போதுதான் தன் உள்ளங்காலில் இன்னும் அந்த அதிர்வு மிச்சமிருப்பது உறைத்தது. பலகைத் தரை. கணவர் தரையைத் தட்டியபோதும் இதுதானே ஓடி வந்தது?

"தரையில வேண்டாம்" என்றாள். "தட்டைக் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, அதுக்குப் பின்னால நின்னு தட்டுங்க."

பூட்ஸ்காரி தட்டைத் தூக்கினாள். கரண்டி இன்னொரு கையில். இரண்டும் அந்தரத்தில் அப்படியே நின்றன.

"தட்டுங்களேன்."

"வேண்டாம்மா" என்றாள் அவள். தட்டைக் கொண்டுபோய் ஜன்னல் விளிம்பில் வைத்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "எனக்குத் தெரியும்."

மணியக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "தெரிஞ்சேவா? தெரிஞ்சே எங்க காதுல பூ சுத்தப் பார்த்தீங்களா? நாங்க எதுக்கு நாய் தேடுறோம்னு தெரியுமா உங்களுக்கு?"

"நீங்க சொல்லலையேம்மா."

சொல்லவில்லைதான். அவருடைய வீம்புக்குப் பயந்து சொல்லவில்லை.

"காது கேக்கலேன்னு சொன்னா ஒருத்தரும் தொடக்கூட மாட்டாங்க" என்றாள் பூட்ஸ்காரி, குரல் இறங்கி. "நல்ல குட்டிம்மா. எல்லாத்தையும்விடச் சூட்டிகை. முதல்ல பழகட்டும், பாசம் வரட்டும், அப்புறம் தெரிஞ்சா விட மாட்டாங்கன்னு நினைச்சேன். சொல்றதுக்குப் பயமா இருந்தது."

"அதெல்லாம் ஒரு காரணமா? காது கேக்காத நாயை நம்பி நான் எப்படி ஒரு மனுஷனைத் தனியா வீட்ல விட்டுட்டுப் போவேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் நினைவு வந்து திரும்பினாள். கணவர் கதவருகில் வந்து நின்றிருந்தார். அவள் உதட்டிலிருந்து ஒரு வார்த்தைகூட அவருக்குத் தப்பியிருக்காது. பூட்ஸ்காரியும் அவரைப் பார்த்தாள். ஒரு முறை அவரை, ஒரு முறை வெள்ளையை. புரிந்துபோயிற்று.

"ஐயோ சார்" என்றாள். "இதையா உங்ககிட்ட தள்ளப் பார்த்தேன்!"

பிறகு பூட்ஸ்காரி போய்க் கறுப்புக் காதைத் தூக்கிவந்து மணியக்காவின் கையில் கொடுத்தாள். "இதைத் தனியா கொண்டு போய் எப்படி வேணா சோதிச்சுக்கங்க. நான் வெளிய நிக்கிறேன்." வாசல் வரை போனவள் நின்றாள். "இன்னொண்ணு. அதோட வயித்தைத் தடவிப் பாருங்க. தொப்புள்ல சின்னதா ஒரு புடைப்பு இருக்கும். வளர வளரச் சரியாயிடலாம், இல்லேன்னா சின்னதா ஒரு ஆபரேஷன்னு டாக்டர் சொல்லியிருக்கார். முடிக்குள்ள இருக்கு, நீங்க பார்த்திருக்க மாட்டீங்க."

நடையில் தனியாக விட்டு மணியை அடித்த மாத்திரத்தில் கறுப்புக் காது திரும்பியது. மெல்ல அடித்தாலும் திரும்பியது. கடைசியில் சலித்துப்போய் மணியைப் பிடுங்க வந்தது. புடைப்பு பூட்ஸ்காரி சொன்ன இடத்திலேயே இருந்தது.

"ஒரு தடவை மறைச்சவங்களை எப்படிங்க நம்புறது?" என்று கேட்டாள் கணவரிடம். "இதுலயும் வேற என்ன இருக்கோ!"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு வெள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பூட்ஸ்காரியின் எதிரில் நின்றார். "எனக்குக் காது கேக்காது" என்றார், வெளி ஆள் ஒருவரிடம் முதல்முறையாக. "என்னைப் பார்த்துச் சொல்லுங்க. இதை யாரும் எடுக்கலேன்னா என்ன பண்ணுவீங்க?"

"என்கிட்டயே இருக்கும் சார். இனிமே யார் வந்தாலும் முதல் பேச்சே அதுதான்."

அவர் அந்த முகத்தை நிதானமாகப் படித்தார். வெள்ளையின் நெற்றியை ஒருமுறை தடவி, அவள் கையில் கொடுத்தார். கொடுக்க மனசே வரவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

"நம்பலாம்" என்றார் மனைவியிடம். "கறுப்பை எடுத்துக்கலாம்."

மணியக்காதான் காரை ஓட்டினாள். அவர் மடியில் துண்டை விரித்து, அதில் கறுப்புக் காது. வண்டி ஓடும்போது அவர்களுக்குள் பேச்சு இருக்காது, அவள் உதட்டை அவர் பார்க்க முடியாது. ஒரு டயர் கடையைத் தாண்டும்போது அவராகவே பேசினார்.

"அந்தக் குட்டி திரும்பலேன்னதும் உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சே, பார்த்தேன்."

அவள் சாலையைப் பார்த்தபடியே தலையை ஆட்டினாள்.

"அன்னைக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தப்பவும் உனக்கு இதே மூஞ்சிதான். அப்ப என்னன்னு புரியலை. இன்னைக்குப் புரிஞ்சுது."

அவள் வண்டியைச் சாலையிலேயே அப்படியே நிறுத்திவிட்டாள், ஓரம் கட்டக்கூடத் தோன்றவில்லை. அந்தப் பூட்ஸ்காரியை என்ன பேச்சுப் பேசினாள்! அவளாவது கரண்டியைத் தூக்கியதும் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"சொன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு..." என்று ஆரம்பித்தாள், சாலையைப் பார்த்தே.

"என்னைப் பார்த்துச் சொல்லு."

அவள் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், உதடு அழுகையில் கோணினால் அவரால் படிக்க முடியாது.

"ரொம்பக் கொறைஞ்சு போச்சுங்க. இருக்கிறதும் நிக்காது. ரொம்ப நாள் தாங்காது. நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் மடியிலிருந்த துண்டின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். கோபப்பட்டுத் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. கடைசியில், "இனிமே உன் வாயைத்தானே நான் நம்பணும்" என்றார். "அதுல பொய் இருந்தா நான் எங்க போவேன்?"

"இனிமே இருக்காது."

அவர் முகம் இளகவில்லை. அவளும் இளகச் சொல்லிக் கேட்கவில்லை. அந்த முகத்தைத் தவிர வேறெதுவும், வெளிச் சத்தம்கூட, அவள் மனசில் ஏறவில்லை.

அப்போது மடியில் தூங்கிக்கொண்டிருந்த குட்டியின் இரண்டு கறுப்புக் காதுகளும் விருட்டென்று நிமிர்ந்தன. அது எழுந்து அவர் தோளில் முன்கால்களை வைத்து, பின்கண்ணாடியைப் பார்த்தது. அவர் குட்டியைப் பார்த்தார். பிறகு அது பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பின்னாடி லாரி வருது, ஹார்ன் அடிக்கிறான்" என்றார். "ஓரம் கட்டு."