இளையபெருமாள் போன வழி

நெடுமாறன் பேசுகிறான் என்பதற்காகத்தான் அம்சம் அன்று நடவுக்குப் போகவில்லை. மகள் செந்தாமரை படிக்கும் தஞ்சாவூர்க் கல்லூரியில் மாணவர்களின் அரசியல் விவாத மேடை. சிறப்பு விருந்தினர் வருவாய்த் துறை ஆர்.டி.ஓ. பூதலூர்ப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்து, தாயும் மகளும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். செந்தாமரையின் பையில் ஒரு மனு. சுடுகாட்டுக்குப் பாதை கேட்டுத் தெருவே கையெழுத்துப் போட்டிருந்தது.

போன கார்த்திகையில் செந்தாமரையின் அப்பா இளையபெருமாள் இறந்துபோனார். அவர்கள் தெருவுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே தியாகராசனின் வயல். கதிர் வருகிற நேரத்தில் பயிரை மிதிப்பதா என்று அவர் வரப்பில் குறுக்கே நின்றுவிட்டார். மிச்சமிருந்த வழி வாய்க்கால்தான். நெஞ்சளவுத் தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னால் பிடித்தவன் அதே தெருவிலிருந்து அவள் கல்லூரியிலேயே படிக்கும் நெடுமாறன். கரையேறியதும், "இதை ஒரு நாளு மைக்ல சொல்லாம விடமாட்டேன் தாமரை" என்று அழுதவனும் அவன்தான். அப்பாவைத் தூக்கின கையாயிற்றே என்று செந்தாமரை நம்பிவிட்டாள். பாவம், வேறு யாரைத்தான் நம்புவாள்?

'கிராமத்தில் சமத்துவம் வந்துவிட்டதா?' என்பது தலைப்பு. 'வரவில்லை' அணியில் இருக்க வேண்டியவன் 'வந்துவிட்டது' நாற்காலியில் இருந்ததைப் பார்த்ததும் அவள் பையிலிருந்த மனுவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆளுங்கட்சி இளைஞரணியில் அவனுக்குப் பதவி வரப்போவதாக ஒரு மாதமாகவே பேச்சு. கட்சிக்காரர்கள் முன்வரிசையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கே உட்கார்ந்தால் என்ன, நம் விஷயத்தைச் சொல்லிவிடுவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சொன்னான். நன்றாகவே சொன்னான்.

"எங்க ஊர்ல இளையபெருமாள்னு ஒரு கூலித் தொழிலாளிங்க. அவர் இறந்தப்ப நிலத்துக்காரரே முன்னால வந்து, 'பயிர் போனா போவுது, வயல் வழியாவே கொண்டுபோங்கப்பா'ன்னாரு. தூக்கிட்டுப் போனதே நான்தாங்க!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஆர்.டி.ஓ. எழுந்து நின்றே தட்டினார். புருஷன் பெயரை மைக்கில் கேட்டதுமே கண்ணைத் துடைக்க ஆரம்பித்த அம்சம், மிச்சத்தையும் கேட்டபின் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். செந்தாமரைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தியாகராசன் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மேடையைவிட்டு இறங்கியவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பதவி வரட்டும் தாமரை. முதல் வேலையே நம்ம பாதைதான்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு முன்வரிசைப் பக்கம் போனான்.

அவள் மனுவை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ.விடம் ஓடினாள். ஊர்ப் பெயரைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, அந்தத் தம்பி ஊரா? அதான் வயல் வழியா விடுறாங்களேம்மா?"

"அது பொய் சார். வாய்க்கால்ல எறங்கித்தான் கொண்டுபோனோம்."

"தூக்குனவரே சொல்லிட்டாரு. ஊர் நல்லா இருக்குறப்ப நீங்க ஏம்மா பிரச்சனை பண்றீங்க?"

மனுவை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அம்சம் ஜன்னல் வழியே வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கவேண்டிய இடம் நெருங்கும்போதுதான் மகள் பக்கம் திரும்பினாள்.

"நான் செத்தா கோடையில சாவணும்டி. அறுப்பு முடிஞ்சு வயலு சும்மா கெடக்கும்."