பிணவறை வாசலில் மிலிட்டரி வக்கீல்

புதுக்கோட்டைக் கோர்ட்டில் குணசேகரன் என்று கேட்டால் பலபேர் விழிப்பார்கள்; மிலிட்டரி வக்கீல் என்றால் டீக்கடைக்காரர்கூட வழி சொல்வார். கார்கில் சண்டையில் இருந்தவர். கூட இருந்தவன் குண்டடி பட்டு விழுந்தபோது, விட்டுவிட்டு வா என்று மேலிடத்து உத்தரவு வந்தும் கேட்காமல், பாறை இடுக்கில் ஊர்ந்துபோய் இழுத்து வந்தவர். பென்ஷனோடு ஊர் திரும்பித் திருச்சியில் சட்டம் படித்தார். யார் செய்த புண்ணியமோ, பிறகு கட்சியிலும் சேர்ந்தார். அந்த மலைக் கதையைக் கட்சிக்காரர்கள் ஃப்ளெக்ஸ் ஃப்ளெக்ஸாக அடித்து நாறடித்துவிட்டார்கள். என்றாலும் வரப்போகிற சட்டசபைத் தேர்தலில் சீட்டு அவருக்குத்தான் என்று பேச்சு.

அன்றைக்கு அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் நார்த்தாமலைப் பக்கத்துச் சனம் உட்கார்ந்திருந்தது. கல்குவாரியில் வெடி வைத்தபோது பாறை சரிந்து திருப்பதி என்கிற கூலியாள் செத்துப்போனான். கூட வேலை பார்த்தவர்கள் கண்ணால் பார்த்தது. குவாரிக்காரர்கள் உடலை ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டில் போட்டு, லாரி அடித்ததாகக் கேஸ் எழுத வைத்துவிட்டார்கள். பிரேதப் பரிசோதனையும் அதற்குத் தோதாகவே முடிந்தது. திருப்பதியின் மனைவி சுகுணா, குவாரிமேல் வழக்குப் போடாமல் உடலை வாங்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். நம் பக்கத்து ஏழைகளுக்கு இருக்கிற ஒரே ஆயுதம் இதுதான். பிணம் உள்ளே கிடக்கிறவரைக்கும்தான் அதிகாரிகள் வந்து பேசுவார்கள்.

குவாரி, கட்சியின் மாவட்டச் செயலாளர் ஆத்மநாதனின் மச்சினனுக்குச் சொந்தம். குணசேகரனைக் காரில் கூட்டி வரும்போதே ஆத்மநாதன் சொல்லிவிட்டார்.

"ஒங்க பேச்சத்தான் அவங்க கேப்பாங்க வக்கீலு. இன்னிக்கே பாடிய எடுக்க வச்சிருங்க. சீட்டு விஷயத்த நான் பாத்துக்கிறேன்."

குணசேகரன் தலையாட்டினார். மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தார். உடலை வாங்கட்டும், எரிக்காமல் புதைக்கச் சொல்லிவிடலாம். மண்ணுக்குள் இருந்தால், தேர்தல் முடிந்த கையோடு மதுரை ஹைகோர்ட்டில் மனுப் போட்டுத் தோண்டி எடுத்து, மறுபடியும் பரிசோதனை கேட்கலாம். சீட்டும் கிடைக்கும், நியாயமும் செத்துப்போகாது. இப்படி எல்லாவற்றுக்கும் சந்து கண்டுபிடிப்பதில் வக்கீல்களை அடிக்க ஆள் கிடையாது.

வேப்பமரத்தடியில் சுகுணா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்கண்ணே. நீங்க வருவீங்கன்னு தம்பிகிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். வேற யாரையும் நான் நம்பல."

"எத்தன நாளு உள்ளயே போட்டு வைக்கிறது தங்கச்சி? வாங்கிக்கிருங்க. கேச நான் பாத்துக்கிறேன்."

"நெசமாவாண்ணே?"

"நெசமாத்தான்."

அவ்வளவுதான். தாசில்தார் வந்து கெஞ்சியும் அசையாதவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தம்பி சிவபிரகாஷோடு கையெழுத்துப் போடக் கிளம்பினாள். கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்தாள்.

"அண்ணே, எங்க சனத்துல எரிக்கிறதுதான் வழக்கம். எரிச்சா கேஸுக்கு ஒண்ணும் கொறவு வந்துராதே?"

பதில் அவர் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்தில் ஆத்மநாதன் செல்போனைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டு, காதை இங்கிட்டு வைத்திருந்தார். புதை என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆத்மநாதனுக்கு எல்லாம் விளங்கிவிடும். குண்டு பறந்த மலையில் நடுங்காத உடம்பு அங்கே வியர்த்தது.

"அதெல்லாம் ஒண்ணும் வராது. ஒங்க வழக்கப்படியே செய்ங்க," என்றார்.

அப்புறம் தனியாகப் போன் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். ஆம்புலன்ஸ் கிளம்பியது. ஆத்மநாதன் அவரை விடவில்லை. கட்சி ஆபீஸுக்கு அழைத்துப்போய்ச் சால்வை போட்டார், சென்னைக்குப் பேசினார், "நம்மாளு சாதிச்சிட்டாரு" என்றார். போட்டோ எடுத்தார்கள். குணசேகரனும் சிரித்தார். எழுந்து வெளியே போவதை யாரும் தடுத்திருக்கமாட்டார்கள், ஆனாலும் போகவில்லை. பயம்தான். அதற்கு வேறு பெயர் கிடையாது.

வெயில் தாழ்ந்த பிறகு, பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் வந்து சிவபிரகாஷுக்குப் போன் போட்டார். எதிர்முனையில் காற்றுச் சத்தமும் ஆட்கள் பேச்சும் கேட்டன.

"தம்பி, எரிச்சிராதீங்க. பொதைங்க. காரணத்த அப்புறம் சொல்றேன்."

"என்னண்ணே சொல்றீங்க? கொள்ளி வச்சுட்டு இப்பத்தான் குளிக்கப் போறோம்." சிவபிரகாஷின் குரல் தடுமாறியது. "கேஸுக்கு வேணும்னு அக்கா மொதல்லேருந்து பொதைக்கணும்னுதான் நின்னுச்சு. பெரியவுகளோட சண்டையே போட்டுச்சு. நீங்க சொன்னீங்கன்னுதாண்ணே எரிக்கச் சம்மதிச்சுச்சு."

 குணசேகரன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அண்ணே, கேஸு போயிருமாண்ணே?"

"வக்கீலு, எங்க போயிட்டீங்க?" என்று உள்ளிருந்து ஆத்மநாதன் கூப்பிட்டார்.

"கேஸு எங்கயும் போகாது தம்பி. அக்காவத் தைரியமா இருக்கச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுக் குணசேகரன் சால்வையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.